எதை வைத்திருப்பது, எதை அழிப்பது?
பள்ளிவாசல்கள், சங்கங்கள், அறக்கட்டளைகளின் ஆவணங்கள் பற்றி

நிருவாகம் மாறுகிற காலத்தில் ஒவ்வோர் ஊரிலும் ஒரு கேள்வி எழும். புதிதாக வந்த செயலாளர் அலுமாரியைத் திறப்பார். கறையான் தின்ற பாதியும், தூசி படிந்த மீதியுமாகப் புத்தகங்கள் அடுக்கிக் கிடக்கும். "இதையெல்லாம் இன்னும் எத்தனை வருஷத்துக்கு வெச்சிருக்கிற?" என்று கேட்பார். பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரிடமிருந்து இரண்டு பதில்கள் வரும். "ஒரு துண்டும் எறியப்படாது, எல்லாம் அமானிதம்" என்பார் ஒருவர். "பழசைக் கொளுத்திப்போட்டு இடத்தைத் துப்புரவாக்குங்க" என்பார் மற்றவர்.

இரண்டு பதிலும் பிழை. எல்லாவற்றையும் வைத்திருப்பவரால் தேவையான நேரத்தில் தேவையான கடதாசியைக் கண்டுபிடிக்க முடியாது. அத்தோடு, வைத்திருக்கக் கூடாத சிலவற்றையும் அவர் வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் கொளுத்துபவரோ ஊரின் காணியையும் முன்னைய பொருளாளரின் மானத்தையும் சேர்த்துக் கொளுத்திவிடுகிறார். எந்த ஆவணத்தை எவ்வளவு காலம் வைத்திருப்பது, அந்தக் காலம் எப்போது தொடங்குகிறது, முடிந்தபின் எப்படி அழிப்பது என்ற மூன்றையும் எழுத்தில் தீர்மானித்து வைப்பதே முறை. இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கு உலகெங்கும் விதிக்கப்படுகிற ஒழுங்கு இதுதான். இலங்கையில் எமது பள்ளிவாசல்கள், ஜனாஸா சங்கங்கள், மத்ரஸாக்கள், பைத்துல்மால்கள், நலன்புரி அமைப்புகள் ஆகியவற்றுக்கு இது எவ்வாறு பொருந்துகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறோம்?

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். எல்லாத் தொண்டு நிறுவனங்களுக்கும் பொதுவாக, "இந்த ஆவணத்தை இத்தனை ஆண்டு வை" என்று பட்டியலிடுகிற ஒரே சட்டம் எமது நாட்டில் இல்லை. ஒரு நிறுவனம் எந்தச் சட்டத்தின் கீழ் பதியப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்து அதன் கடமை மாறும்.

பள்ளிவாசல்களும் வக்புச் சொத்துகளும் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க முஸ்லிம் பள்ளிவாசல்கள், தரும நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்புகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. 1962இலும் 1982இலும் இது திருத்தப்பட்டது. இதன்படி நம்பிக்கையாளர்கள் கணக்கு வைத்திருக்கவும் அதை வக்பு சபைக்குச் சமர்ப்பிக்கவும் கடமைப்பட்டவர்கள். பிணக்கு ஏற்பட்டால் விசாரிப்பது வக்பு நியாய சபை. அங்கே போய் நிற்கும்போது வாய்ப்பேச்சுக்குப் பெறுமதி குறைவு, புத்தகத்துக்கே பெறுமதி.

சமூக சேவை அமைப்புகள் பல 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதியப்பட்டுள்ளன. அந்தச் சட்டம் 1998இல் திருத்தப்பட்டது. நிதி மோசடி பற்றிய முறைப்பாடு எழுந்தால் விசாரணை நடத்தவும், நிறுவனத்தை இடைக்கால நிருவாக சபையொன்றிடம் ஒப்படைக்கவும் அந்தத் திருத்தம் வழிசெய்தது.

பெரிய நிறுவனங்கள் சில உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனிகளாக 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. கால எல்லை மிகத் தெளிவாகச் சொல்லப்பட்டிருப்பது இங்கேதான். கூட்டறிக்கைகள், தீர்மானங்கள், நிதிக் கூற்றுகள், கணக்குப் பதிவுகள் என்பவற்றைப் பத்து ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். இன்னும் சில அமைப்புகள் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமூலத்தினால் கூட்டிணைக்கப்பட்டவை. அவை தமது கூட்டிணைத்தல் சட்டத்திலுள்ள கணக்கு, கணக்காய்வு வாசகங்களை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கு மேலாக வரிச் சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்துக்குள் வருகிற நிறுவனம் தன் பதிவுகளைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஏதாவது மதிப்பீடோ மேன்முறையீடோ நடந்துகொண்டிருந்தால் அது முடியும்வரை வைத்திருக்க வேண்டும். "நாங்க தர்ம ஸ்தாபனம், எங்களுக்கு வரி இல்லை" என்று சும்மா இருந்துவிட ஏலாது. வரி இல்லை என்பதைக் காட்டுவதற்கும் கடதாசிதான் வேண்டும்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

பலர் தடுமாறுவது இந்த இடத்தில். "ஏழு வருஷம்" என்றால் எந்த நாளிலிருந்து ஏழு வருடம்?

கணக்குப் பதிவுகளுக்கு அந்த நிதியாண்டு முடிந்து, கணக்காய்வும் முடிந்த நாளிலிருந்து எண்ணுவது பாதுகாப்பானது. 2018 பெப்ரவரியில் எழுதிய பற்றுச்சீட்டுக்கும் அதே ஆண்டு நவம்பரில் எழுதியதற்கும் தனித்தனியாக எண்ணத் தேவையில்லை. அந்த ஆண்டு முழுவதும் ஒரே கட்டு, அதற்கு ஒரே முடிவுத் திகதி.

ஒப்பந்தங்களுக்கு ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். எழுதிய நாளைக் கணக்கில் எடுத்தால் பிழைக்கும். 2012இல் எழுதிய ஒரு கட்டட ஒப்பந்தம் 2016இல் முடிந்தால் கடிகாரம் ஓடத் தொடங்குவது 2016இல்தான். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்து மூல ஒப்பந்தம் பற்றி வழக்குத் தொடர ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. வாய்மொழி உடன்பாட்டுக்கு மூன்று ஆண்டு. எதிர்த்தரப்பு வழக்குப் போடக்கூடிய காலம் முடியும் முன்னரே எமது கையிலுள்ள சான்றை அழித்துவிட்டால், பிறகு நியாயம் எமது பக்கம் இருந்தும் பயனில்லை. ஆறு ஆண்டு என்பது ஏழாவது நிதியாண்டுக்குள் நீண்டுவிடும் என்பதால், கம்பனியாகப் பதியப்படாத சங்கங்கள் ஏழு ஆண்டு என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஊழியர்களின் ஆவணங்களுக்குக் கடிகாரம் இன்னும் பிந்தியே ஓடும். ஊழியர் சேமலாப நிதியை ஓர் ஆண் 55 வயதிலும், ஒரு பெண் 50 வயதிலும் பெற்றுக்கொள்ளலாம். மத்ரஸாவிலோ சங்க அலுவலகத்திலோ 25 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் 30 ஆண்டுக்குப் பிறகு வந்து, "எனக்கு அந்த மூன்று வருஷக் காசு விழவில்லையே" என்று கேட்கலாம். அன்று அவருக்குக் காட்ட வேண்டியது மாதாந்தம் அனுப்பிய சீ படிவத்தின் பிரதியும் சம்பளப் பட்டியலும். தொழிலாளி ஒருவரின் பாத்தியதையை ஏழு வருடத்தோடு மூடிவிட முடியாது. நியமனக் கடிதம், சேவைக் காலம், சேமலாப நிதி மற்றும் நம்பிக்கை நிதிப் பங்களிப்பு விபரம் என்பவற்றை அவர் ஓய்வு பெறும் வயதைத் தாண்டும்வரை வைத்திருக்க வேண்டும். பாடசாலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள்கூடப் பிறந்த திகதியை உறுதிப்படுத்த ஒரு நாள் பழைய சேர்விடாப்பைத் தேடிவருவார்கள். அந்தப் புத்தகத்தைக் குப்பை என்று நினைத்து எறிந்திருந்தால் அவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

காணி விஷயத்தில் கடிகாரமே இல்லை

வக்புக் காணிகள் பற்றிய பகுதியை நிருவாகிகள் நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன். எமது ஊர்களில் அதிகம் இழக்கப்படுவது இந்த இடத்தில்தான்.

மேற்சொன்ன ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், ஒருவர் தனியார் காணியொன்றை இடையூறின்றித் தொடர்ச்சியாகப் பத்து ஆண்டுகள் தனது என்று ஆண்டுவந்தால், அதில் உரிமை கோர இடம் தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் காலத்தில் அவர் வாடகை கொடுத்திருக்கக் கூடாது. விளைச்சலில் பங்கு கொடுத்திருக்கக் கூடாது. இன்னொருவரின் உரிமையை ஒத்துக்கொள்வதாகக் கருதக்கூடிய எந்தச் செயலையும் செய்திருக்கக் கூடாது.

இப்போது ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிவாசலுக்கு வக்பு செய்யப்பட்ட ஒரு கடையில் ஒருவர் நாற்பது வருடம் வாடகைக்கு இருக்கிறார். அவர் மௌத்தாகிவிட்டார். மகன் கடையை நடத்துகிறார். வாடகை நின்றுவிட்டது. ஒரு கட்டத்தில், "இது எங்கட வாப்பாட கடை" என்கிறார் மகன். பள்ளிவாசல் என்ன காட்ட வேண்டும்? உறுதி இருந்தால் நல்லது. ஆனால் அவர் ஆட்சியுரிமை கோரினால், அவரது வாப்பா வாடகைக்காரராகத்தான் அங்கே இருந்தார் என்பதை நிரூபிப்பது வாடகைப் பற்றுச்சீட்டின் அடிக்கட்டைகள்தான். வாப்பாவின் கையெழுத்துள்ள பழைய குத்தகைத் துண்டும், வாடகை இடாப்பில் மாதாமாதம் எழுதிய வரியும் அன்று உறுதியைப் போலவே பெறுமதியாகிவிடும்.

இங்கே உள்ள முரணைக் கவனியுங்கள். பற்றுச்சீட்டு என்பது கணக்குப் பதிவு. சாதாரண விதிப்படி ஏழு அல்லது பத்து ஆண்டு கழித்து அதை அழிக்கலாம். ஆனால் பத்து ஆண்டு ஆட்சி என்ற வாதத்தை உடைக்கிற ஒரே சான்றும் அந்தப் பற்றுச்சீட்டே. விதியை விளங்காமல் அப்படியே பின்பற்றுகிறவர், தன் கையிலுள்ள ஆயுதத்தை எதிரி வந்துசேர்கிற நாளில் உடைத்துப்போடுகிறார். ஆகவே வக்புச் சொத்தின் வாடகை, குத்தகை, விளைச்சல், சோலைவரி ஆகியவை பற்றிய எந்தப் பதிவையும் சாதாரணக் கணக்கோடு சேர்க்கக் கூடாது. அது காணிக் கோவைக்குரியது. சொத்து பள்ளிவாசலிடம் இருக்கும் வரை அதுவும் இருக்க வேண்டும்.

உறுதி தொலைந்துவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று பயப்படத் தேவையில்லை. நொத்தாரிசு ஓர் உறுதியை எழுதும்போது மூலப் பிரதி உரியவரிடம் போகிறது. இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகிறது. இன்னொரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கிறது. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் தெரிந்தால் சான்றுபடுத்திய பிரதியைத் தேடி எடுக்கலாம். எனவே எந்த நிருவாகமும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது: எல்லாக் காணிகளினதும் இந்த மூன்று விபரங்களையும், நில அளவைப் பட இலக்கத்தையும் ஒரே தாளில் எழுதி, மூன்று வெவ்வேறு இடங்களில் வைப்பது.

இஸ்லாமிய வரலாற்றிலும் வக்பு வாய்மொழியோடு நின்றுவிடவில்லை. கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரழி) அவர்கள் வக்பு செய்தபோது, அதன் நிபந்தனைகள் எழுதப்பட்டுச் சாட்சியும் வைக்கப்பட்டதை ஹதீஸ் தொகுப்புகளில் காண்கிறோம். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆவது வசனம் பேசுவதும் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றித்தான். சிறிதோ பெரிதோ, எழுதுவதில் சலிப்படையக் கூடாது என்பது அதன் போதனை. ஆவணம் வைப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வேலை என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

வடக்கு தந்த பாடம்

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மிகக் குறுகிய அவகாசமே கொடுக்கப்பட்டது. உடுத்த உடையோடு வந்தவர்கள் பள்ளிவாசல் பதிவேடுகளைச் சுமந்துகொண்டு வர வழியிருக்கவில்லை. வீட்டு உறுதிகளையே பலர் இழந்தார்கள். யுத்தம் முடிந்து திரும்பிப் போனபோது காணியை அடையாளம் காட்டுவதும் உரிமையை நிலைநாட்டுவதும் பெரும் போராட்டமாயிற்று.

சட்டம் இதை ஓரளவு கவனத்தில் எடுத்தது. ஆட்சியுரிமை பற்றிய விசேட ஏற்பாடுகளுக்கான 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், யுத்தச் சூழ்நிலையால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட வழிசெய்தது. ஆனால் சட்டம் தந்தது கால அவகாசம் மாத்திரமே. "இது எங்களுடையது" என்று காட்டுகிற கடதாசியைச் சட்டத்தால் தர முடியாது.

கிழக்கின் கரையோர ஊர்களுக்கு 2004 டிசம்பர் 26 வேறொரு பாடத்தைத் தந்தது. 2011 ஜனவரி வெள்ளம் அதை ஞாபகப்படுத்தியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் சேர்ந்தே எரிந்தன. வாள், தண்ணீர், நெருப்பு என்று வந்த வழிகள் வேறு. ஆனால் ஒரே பிரதியாக ஒரே இடத்தில் இருந்தது எதுவோ அதுவே திரும்பக் கிடைக்கவில்லை.

நான்கு தட்டுகள்

மேலே சொன்னவற்றை அலுமாரியின் நான்கு தட்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மேல் தட்டில் இருப்பவை ஒருபோதும் அழிக்கப்படக் கூடாதவை. யாப்பும் அதன் திருத்தங்களும், பதிவுச் சான்றிதழ், நம்பிக்கையாளர் நியமனக் கடிதங்கள், கூட்டறிக்கைப் புத்தகங்கள், கணக்காய்வு செய்யப்பட்ட ஆண்டுக் கணக்குகள், உறுதிகள், நில அளவைப் படங்கள், வாடகை இடாப்புகள், கட்டட அனுமதிகள், வழக்குத் தீர்ப்புகள், அங்கத்தவர் இடாப்பு, நிக்காஹ் பதிவேடு, மையவாடிப் பதிவேடு ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாம் தட்டு கணக்குக்குரியது. காசேடு, பேரேடு, வவுச்சர், பற்றுச்சீட்டு அடிக்கட்டை, உண்டியல் எண்ணிய துண்டு, வங்கிக் கூற்று, காசோலை அடிக்கட்டை, முடிந்த ஒப்பந்தங்கள் என்பன. கம்பனியாக இருந்தால் பத்து ஆண்டு. மற்றவர்களுக்குக் குறைந்தது ஏழு. வெளியார் நிதியில் செய்த திட்டமென்றால் அந்த உடன்படிக்கையில் உள்ள காலத்தையும் பார்த்து, இரண்டில் நீண்டதை எடுக்க வேண்டும். வங்கிகள் கொடுக்கல் வாங்கல் பதிவுகளைப் பொதுவாக ஆறு ஆண்டுகள் வைத்திருக்கக் கடமைப்பட்டவை. அதற்குப் பிந்திய கூற்றை வங்கியில் கேட்டுப் பெறலாம் என்று எண்ணியிருக்க வேண்டாம்.

மூன்றாம் தட்டு மனிதர்களுக்குரியது. ஊழியர் கோவைகள், மத்ரஸா மாணவர் சேர்விடாப்பு, புலமைப்பரிசில் பெற்றவர் விபரம் என்பன. இவற்றுக்கு ஆளின் தேவையே அளவுகோல்.

கீழ்த் தட்டில் அழைப்பிதழ், நன்றிக் கடிதம், நிராகரித்த விலைமனு, ஒரே சுற்றறிக்கையின் பத்துப் பிரதிகள். கணக்காய்வு முடிந்து ஒன்றிரண்டு வருடத்தில் இவற்றை அகற்றிவிடலாம். அலுமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பவை பெரும்பாலும் இவைதான்.

வைத்திருக்கக் கூடாதவை

ஆவணம் பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடுகிற பக்கம் ஒன்றுண்டு. ஸகாத் விண்ணப்பங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு விதவைத் தாய் தன் கடன், பிள்ளைகளின் நிலை, கணவரின் நோய், வீட்டில் அடுப்பெரியாத நாட்கள் எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் எழுதித் தருகிறார். அவர் அதை எழுதியது பைத்துல்மாலின் மூன்று பேர் வாசிக்க. பதினைந்து வருடம் கழித்து, அவருடைய மகன் படித்து உத்தியோகம் பார்க்கிற காலத்தில், வேறொரு நிருவாகத்தின் கையில் அது அகப்பட வேண்டிய அவசியம் என்ன?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று, எந்த நோக்கத்துக்காகத் தகவல் பெறப்பட்டதோ அந்த நோக்கத்துக்குத் தேவையான காலத்துக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது என்பதாகும். உடல்நலம், மத நம்பிக்கை, சிறுவர் ஆகியவை பற்றிய தரவுகளை அது விசேட வகையாகக் கொள்கிறது. எமது அலுமாரியில் இந்த மூன்றும் உண்டு. சட்டம் ஒருபுறமிருக்க, கேட்பவரின் கண்ணியத்தைக் காப்பது எமக்குக் கடமை.

இதற்கு வழி இருக்கிறது. எத்தனை பேருக்கு, எந்தப் பிரிவில், எவ்வளவு தொகை என்ற சுருக்கப் பட்டியல் நிரந்தரக் கோவைக்குப் போகட்டும். பணம் பெற்ற வவுச்சர் கணக்கோடு இருக்கட்டும். கஷ்டத்தை விபரிக்கிற விண்ணப்பமும் விசாரணைக் குறிப்பும் கணக்காய்வு முடிந்து, நிருவாகம் தீர்மானித்த குறுகிய காலத்தோடு அழிக்கப்படட்டும்.

அழிப்பதிலும் முறை வேண்டும். எமது ஊர்களில் பழைய கடதாசி நிறைக்கு விற்கப்படும். அது கச்சான் சுருளாகவும் வடை சுற்றுகிற தாளாகவும் சந்திக்கு வரும். ஒரு குடும்பத்தின் வறுமை கச்சான் சுருளில் கடைத்தெருவில் சுற்றுவதை விடப் பெரிய அநியாயம் வேறென்ன? கிழித்து, ஊறவைத்து அல்லது எரித்து, இரண்டு பேர் முன்னிலையில் அழிக்க வேண்டும். என்ன ஆவணம், எந்த ஆண்டு, எந்தத் தீர்மானத்தின்படி, யார் முன்னிலையில் அழிக்கப்பட்டது என்பதை ஒரு புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்தப் புத்தகம் மேல் தட்டுக்குரியது.

ஒரு விதிவிலக்கு. முறைப்பாடோ வழக்கோ விசாரணையோ வந்துவிட்டால், வரப்போகிறது என்று தெரிந்தாலும்கூட, அதனுடன் தொடர்புடைய எதையும் அழிக்கக் கூடாது. கால எல்லை முடிந்திருந்தாலும் சரி. அந்த நேரத்தில் எரிக்கிற ஒரு துண்டு, நாம் சுத்தமானவர்களாக இருந்தாலும் எம்மைக் குற்றவாளியாகக் காட்டிவிடும்.

2019 ஏப்ரல் 21இன் குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு எமது நிறுவனங்களின் நிதி பற்றிய கேள்விகள் பொதுவெளியில் எழுந்ததை மறக்க முடியாது. கேள்வி நியாயமானதா இல்லையா என்பது வேறு விவாதம். கேள்வி வந்த நாளில் இருந்து புத்தகம் எழுதத் தொடங்க ஏலாது என்பதே இங்கே பாடம். பதவியிலிருந்து இறங்கிய ஒரு பொருளாளர் மீது, "அந்தக் காசுக்குக் கணக்கில்லை" என்று ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பினால், அவருக்காகப் பேசக்கூடியது அவர் எழுதிய காசேடு மாத்திரமே. அதை அடுத்த நிருவாகம் கொளுத்திவிட்டால் அவர் எதைக் காட்டுவார்?

கணினியில் இருந்தால் போதாதா?

இளைஞர்கள் கேட்கிற கேள்வி இது. "ஸேர், எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிப் போட்டாச் சரிதானே?"

பெரும்பாலும் சரிதான். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் பதிவை ஏற்றுக்கொள்கிறது. பிற்காலத்தில் திறந்து பார்க்கக் கூடியதாகவும், உள்ளடக்கம் மாறாததாகவும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் மரண சாசனம், தத்துவப் பத்திரம், நம்பிக்கைப் பொறுப்பு ஆவணம், அசையாச் சொத்தின் கைமாற்றம் ஆகியவை அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. பள்ளிவாசலின் உறுதியை ஸ்கேன் செய்துவிட்டு மூலத்தைக் கவனிக்காமல் விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வட்ஸ்அப் குழுவில் எடுத்த முடிவுகள் இன்னொரு பிரச்சினை. கைத்தொலைபேசி தொலைந்தால் தீர்மானமும் தொலைந்தது. அங்கே பேசுங்கள், ஆனால் முடிவை அடுத்த கூட்டத்தில் உறுதிப்படுத்திக் கூட்டறிக்கையில் எழுதுங்கள். பதிவுகள் ஒரு தனி மனிதரின் மின்னஞ்சலில் இருக்கக் கூடாது. சங்கத்தின் பெயரில் கணக்கு, அதன் கடவுச்சொல் இரண்டு பதவியினரிடம், ஒரு பிரதி ஊருக்கு வெளியே என்று இருக்க வேண்டும்.

வங்கி இயந்திரங்கள் தருகிற துண்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை சூட்டில் அச்சாகிற தாள்கள். சில வருடத்தில் வெள்ளையாகிவிடும். அன்றே ஒரு போட்டோப் பிரதி எடுத்து இரண்டையும் சேர்த்து வையுங்கள். பழைய உறுதியைப் பாதுகாக்கிறோம் என்று லெமினேட் செய்வதும் வேண்டாம். ஒருமுறை ஒட்டியதைப் பிறகு தாளுக்குச் சேதமின்றிப் பிரிப்பது கடினம். துருப்பிடிக்கிற ஊசிகளைக் கழற்றி, நிலத்திலிருந்து உயர்த்திய இரும்பு அலுமாரியில், சுவரோடு ஒட்டாமல் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆய்வாளரின் வேண்டுகோள்

கடைசியாக, இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு காரணம். எமது சமூகத்தின் 19ஆம் நூற்றாண்டைப் பற்றி இன்று ஓரளவு பேச முடிகிறதென்றால், அறிஞர் சித்திலெப்பை 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' போன்ற ஏடுகளின் பிரதிகளைச் சிலர் எறியாமல் வைத்திருந்தது அதற்கு ஒரு காரணம். ஆனால் பத்திரிகை சொல்வது நகரத்தின் கதை. ஓர் ஊரில் முதன்முதலாகப் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பத் தீர்மானித்தது எப்போது, கொள்ளைநோய் வந்த வருடத்தில் எத்தனை ஜனாஸாக்கள், மையவாடிக்குக் காணி கொடுத்தது யார், அன்று அரிசி என்ன விலை என்ற விபரங்களெல்லாம் ஊர்ப் பள்ளிவாசலின் கூட்டறிக்கையிலும் செலவுப் புத்தகத்திலும்தான் இருக்கின்றன. சிலவற்றில் அரபுத்தமிழ் எழுத்தும் இருக்கக்கூடும். வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காக எறிந்துவிட வேண்டாம், வாசிக்கத் தெரிந்தவரை அழையுங்கள்.

விதியில் ஏழு ஆண்டு என்று எழுதிவைத்தோம் என்பதால் ஏழோடு எல்லாம் முடிந்துவிடாது. சட்டத்தின் கால எல்லை என்பது குறைந்தபட்சம். ஐம்பது வருடத்துக்கு முந்திய எந்தப் பதிவையும், எந்தத் தட்டுக்குரியதாக இருந்தாலும், ஆய்வுத் துறையில் உள்ள ஒருவருக்குக் காட்டாமல் அழிப்பதில்லை என்று ஒரு வரியை விதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு தீர்மானம்

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாது. அடுத்த நிருவாக சபைக் கூட்டத்தில் ஐந்து வாசகம் உள்ள ஒரு தீர்மானம் போதும். ஆவணப் பொறுப்பாளராக ஒருவரை நியமித்தல். நான்கு தட்டுகளுக்கும் கால எல்லையை எழுதிப் பொதுச்சபையில் நிறைவேற்றல். சங்கத்தின் எந்தப் புத்தகமும் தலைவரின் வீட்டிலோ பொருளாளரின் கடையிலோ தங்கக் கூடாது என்று விதித்தல். நிருவாகம் மாறும்போது ஒவ்வொரு புத்தகத்தையும் பட்டியலிட்டு, கொடுப்பவரும் எடுப்பவரும் கையொப்பமிட்டுக் கைமாற்றுதல். வருடத்துக்கு ஒருமுறை, கணக்காய்வு முடிந்த கையோடு, காலம் முடிந்தவற்றைப் பிரித்து முறைப்படி அழித்தல்.

தீர்மானத்தை எழுதிய பிறகு சட்டத்தரணி ஒருவரிடமும் கணக்காய்வாளரிடமும் காட்டி, உங்கள் பதிவுக்குப் பொருந்துகிற கால எல்லைகளை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சட்டங்கள் திருத்தப்படுவதுண்டு. அதன் பிறகு அலுமாரியைத் திறந்து, முதல் வேலையாகக் காணி உறுதிகளைத் தேடி எடுங்கள்.